சிகிரியா பாட்டு: டுரான் டுரான் வீடியோவும் எங்க கோத்தகிரி லைன் வீடும்

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரமும் பாட்டுதான். ஆனா ராஜா சார் இல்ல, ரஹ்மானும் இல்ல. இங்கிலாந்துல பர்மிங்காம்ல இருந்து கிளம்பின ஒரு பேண்ட், பேரு டுரான் டுரான். எண்பதுகள்ல உலகத்தையே ஆட்டி வெச்சவங்க. உங்கள்ல பாதிப் பேர் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்ல. அவங்க 1982-ல எடுத்த மியூசிக் வீடியோக்களைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கோத்தகிரில தேயிலைத் தோட்டத்து லைன் வீட்ல வளர்ந்தவனுக்கு பர்மிங்காம் பேண்டோட என்ன வேலைன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு டிவி ரிப்பேர் கடைக்குப் போகணும்.

1997. எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்க வீட்டு போர்ட்டபிள் டிவில படம் உருண்டுக்கிட்டே இருந்துச்சு. மேல தட்டினா நிக்கும், கைய எடுத்தா மறுபடி உருளும். கோத்தகிரி பஜார்ல ரிப்பேருக்குக் கொடுத்திருந்தோம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மழை தூறிக்கிட்டு இருக்கு, நானும் அப்பாவும் வாங்கப் போனோம். கடையில அஞ்சாறு டிவி ஒரே கேபிள் ஒயர்ல ஓடிட்டு இருந்துச்சு. ஒண்ணு பச்சையடிக்கும், ஒண்ணு சிவப்படிக்கும், ஒண்ணுல கலரே இருக்காது. கடைக்கார அண்ணன் டெஸ்ட் பண்றதுக்காகச் சேனலை மாத்திக்கிட்டே வந்தார். எம்டிவி வந்துச்சு. வெள்ளைக்காரங்க யாரோ மெதுவா ஒரு பாட்டு பாடறாங்க. காட்டுக்கு நடுவுல தனியா, செங்குத்தா ஒரு பெரிய பாறை நிக்குது. அந்தப் பாறைய ஹெலிகாப்டர்ல இருந்து சுத்திச் சுத்திக் காட்டறாங்க. அவர் அடுத்த சேனலுக்குப் போகப் போனார்.

"தம்பி, இருப்பா, மாத்தாத."

அப்பா கடையில குரல் உசத்திப் பேசற ஆளே கிடையாது. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னண்ணே?"

"அது சிகிரியா. சிலோன்ல இருக்கு."

அப்புறம் யாரும் பேசல. பாட்டு முடியற வரைக்கும் அப்பா நின்ன இடத்துல நின்னு பார்த்தார். பச்சை சிகிரியா, சிவப்பு சிகிரியா, கறுப்பு வெள்ளை சிகிரியா. வெளிய வந்ததும் கேட்டேன்: "அங்க போயிருக்கீங்களாப்பா?"

"இல்லடா. புக்ல இருந்துச்சு. மூணாம் கிளாஸ் புக்ல."

இந்த எபிசோடே அந்த 'இல்லடா'வைப் பத்தினதுதான். அங்க வர்றதுக்கு முன்னாடி வீடியோவுக்குப் போய்ட்டு வந்துடலாம்.

டுரான் டுரான் 1978-ல ஆரம்பிச்ச பேண்ட். 'பார்பரெல்லா'ன்னு 1968-ல வந்த ஒரு அறிவியல் புனைகதைப் படத்துல வர்ற வில்லனோட பேரைத்தான் கொஞ்சம் மாத்தி வெச்சுக்கிட்டாங்க. அஞ்சு பேர். பாடறவர் சைமன் லெ பான், கீபோர்டு நிக் ரோட்ஸ், மீதி மூணு பேரும் டெய்லர்: ஜான் டெய்லர், ஆண்டி டெய்லர், ரோஜர் டெய்லர். மூணு பேரும் சொந்தக்காரங்க இல்ல. எங்க குடும்பக் கதையில நாலாவதா ஒரு டெய்லர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர். 1867-ல கண்டி பக்கம் லூல்கந்துர தோட்டத்துல தேயிலை பயிர் பண்ணி, இலங்கைத் தேயிலைத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். கொஞ்ச வருஷத்துலயே நோய் வந்து காப்பித் தோட்டமெல்லாம் அழிய, அந்த மலை முழுக்கத் தேயிலை ஆச்சு. அதுல கொழுந்து பறிக்கத்தான் எங்க முன்னோர் புதுக்கோட்டைப் பக்கத்துல இருந்து போனாங்க.

சரி, 1982. அமெரிக்காவுல எம்டிவி ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. 1981 ஆகஸ்ட் 1-ல தொடங்கினாங்க. இருபத்தி நாலு மணி நேரமும் வீடியோ போடணும், ஆனா போடறதுக்கு வீடியோ இல்ல. அமெரிக்க பேண்டுங்க பெரும்பாலும் வீடியோ எடுக்கறதைப் பெருசா நினைக்கல, எடுத்து வெச்சிருந்தவங்க பிரிட்டிஷ்காரங்க. எம்டிவில முதன்முதலா ஒளிபரப்பானதே 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'ங்கற பிரிட்டிஷ் பாட்டுதான். அதை இயக்கினவர் ஆஸ்திரேலியாக்காரர் ரஸ்ஸல் மல்கேஹி. அவரைத்தான் டுரான் டுரான் கூட்டிக்கிட்டு, ரெக்கார்ட் கம்பெனி இ.எம்.ஐ. செலவுல, 1982 ஏப்ரல்ல இலங்கைக்குப் போனாங்க. ஒரே பயணத்துல 'ஹங்ரி லைக் தி வுல்ஃப்', 'சேவ் எ பிரேயர்', 'லோன்லி இன் யுவர் நைட்மேர்' மூணுக்கும் ஷூட்டிங். ஆண்டி டெய்லர் அங்க இருந்து வயித்துக் கோளாறை வாங்கிட்டு வந்து, பிறகு நடக்க வேண்டிய கச்சேரியெல்லாம் தள்ளிப் போச்சு.

அதுவரைக்கும் மியூசிக் வீடியோன்னா பேண்ட் மேடையில நின்னு வாசிக்கும், பின்னாடி கொஞ்சம் புகை, கொஞ்சம் லைட்டு. இவங்க அதைச் சினிமாவா எடுத்தாங்க. 'ஹங்ரி லைக் தி வுல்ஃப்' ஒரு பொண்ணோட சிரிப்புல தொடங்கும். சைமன் லெ பான் கொழும்பு வீதியில கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஓடறார், அப்புறம் காட்டுல ஓடறார். உடம்புல சாயம் பூசின ஒரு பொண்ணைத் துரத்தறாரா, அவ இவரைத் துரத்தறாளான்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஆத்துத் தண்ணிக்குள்ள இருந்து அவர் தலை மெதுவா மேல எழும்பற ஷாட் ஒண்ணு இருக்கு, எண்பதுகளைப் பத்தி எந்த டாக்குமெண்டரி எடுத்தாலும் அதைப் போடாம இருக்க மாட்டாங்க. திரை குறுக்கால பிளந்து ஒரு ஓரத்துல இன்னொரு காட்சி நுழையும். முந்தின வருஷம் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தோட வாசனை முழுக்க முழுக்க அடிக்கும்.

அதுக்குப் பலனும் கிடைச்சது. எம்டிவி அதைத் திரும்பத் திரும்பப் போட்டதுல 1983 தொடக்கத்துல அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியல்ல 3-வது இடத்துக்குப் போச்சு. 1984-ல குறும் வீடியோவுக்குன்னு கிராமி விருது கொடுத்த முதல் வருஷமே இவங்க வாங்கினாங்க.

என் ஓட்டு 'சேவ் எ பிரேயர்'க்குத்தான். பிரிட்டன்ல 2-வது இடம் வரைக்கும் போன பாட்டு. நிக் ரோட்ஸோட கீபோர்டு சொட்டுச் சொட்டா விழும், அதுக்கு மேல லெ பான் அவசரமே படாம பாடுவார். வீடியோல கதைன்னு ஒண்ணும் இல்ல. சிகிரியா பாறை, பொலனறுவைல புத்தர் சிலைங்க, தெற்குக் கடற்கரை, அவ்வளவுதான். ஆனா எங்க எவ்வளவு நேரம் நிக்கணும்னு மல்கேஹிக்குத் தெரிஞ்சிருக்கு. ஹெலிகாப்டர் பாறையைச் சுத்தும்போது உச்சியில நிக்கறவங்க எறும்பு மாதிரி ஆயிடுவாங்க. கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரப் பாறை, அஞ்சாம் நூற்றாண்டுல காசியப்பன்ங்கற ராஜா அதுக்கு மேல அரண்மனை கட்டினான். சிகிரியாவும் பொலனறுவையும் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் அதே 1982-லதான். பாட்டு காதுல விழறதுக்கு முன்னாடி இடம் மனசுல விழுந்துடும். மத்த எண்பதுகள் வீடியோவெல்லாம் இன்னைக்குப் பார்த்தா தலைமுடியும் தோள்பட்டை வெச்ச கோட்டும்தான் கண்ணுல படும். இதுல அந்தப் பாறைதான் படுது.

நெளியற விஷயமும் இருக்கு, மழுப்பப் போறதில்ல. இந்த வீடியோக்கள்ல இலங்கை ஒரு நாடு கிடையாது, ஒரு 'காடு'. வீதியில போறவங்க, படகுக்காரர், யானைப்பாகன் எல்லாரும் அஞ்சு அழகான பையன்களுக்குப் பின்னாடி தொங்கற திரைச்சீலை. சாயம் பூசின பொண்ணை மிருகம் மாதிரி காட்டறது இன்னைக்குக் கண்ணுல குத்துது. இதுல டுரான் டுரான் மட்டும் தனி இல்ல. அடுத்த வருஷமே ஸ்பீல்பெர்க் வந்து இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படத்தைக் கண்டிப் பக்கம் எடுத்தார். கதைப்படி அது இந்தியா!

ஆனா நீலகிரிக்காரன் இதைச் சொல்லி ரொம்ப அலட்டிக்க முடியாது. எங்க மலைக்கு வேற ஊரா வேஷம் கட்டறதே தொழில். டேவிட் லீன் 1984-ல 'எ பாசேஜ் டு இந்தியா' எடுத்தப்போ எங்க மலை ரயில்தான் மராபார் குகைக்குப் போச்சு. 'ரோஜா'வுல காஷ்மீர்னு நீங்க நம்பினதுல கொஞ்சம் குன்னூரும் ஊட்டியும் உண்டு. 'தில் சே'ல ஷாருக் கான் கூரை மேல ஆடினதும் அதே மலை ரயில்தான், அந்தக் கதைக்கும் ஊட்டிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்லியாகணும். டுரான் டுரான் கொழும்புல இறங்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1982 பிப்ரவரில 'மூன்றாம் பிறை' ரிலீஸ். கேத்தி ஸ்டேஷன், மழை, கமல், ஸ்ரீதேவி. அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பாலு மகேந்திராவுக்குக் கிடைச்சது. அவர் பிறந்தது மட்டக்களப்புப் பக்கம். இலங்கைல பிறந்தவர் நீலகிரிய எடுத்தார், இங்கிலாந்துல இருந்து வந்தவங்க இலங்கைய எடுத்தாங்க. ரெண்டையும் நான் எங்க வீட்ல உட்கார்ந்து பார்த்தேன், எங்க வீடு கோத்தகிரில இருந்ததுக்கே காரணம் இலங்கைதான்.

இப்போ அந்த 'இல்லடா'வுக்கு வர்றேன்.

1948-ல இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. மலையகத் தோட்டங்கள்ல தலைமுறை தலைமுறையா இருந்த லட்சக்கணக்கான தமிழர்கள் அதனால எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லாம ஆனாங்க. 1964 அக்டோபர் 30-ல லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வெச்சுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம். அந்த மிச்சத்தை 1974-ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. மூட்டைக் கணக்கு மாதிரி இருக்குல்ல? எங்க அப்பாயி அப்படித்தான் சொல்லும்.

எங்க குடும்பம் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். 1973-ல வந்தாங்க, அப்பாவுக்குப் பதினஞ்சு வயசு. ரயில் ஏறித் தலைமன்னார், அங்க இருந்து 'ராமானுஜம்' கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்க இருந்து நீலகிரி. தாயகம் திரும்பினவங்களுக்கு வேலை கொடுக்கறதுக்காகவே தமிழ்நாடு அரசு 1968-ல நீலகிரில தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சிருந்துச்சு. பின்னாடி டேன்டீன்னு பேரான கழகம் அதுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்னு காட்டைத் திருத்தித் தேயிலை வெச்சதுல பெரும்பங்கு இந்தக் கைங்க. அந்தக் காட்டுல எங்களுக்கு முன்னாடியே ஆளுங்க இருந்தாங்கங்கறதும் உண்மை, அதுக்கு ஒரு தனி எபிசோடு வேணும். ஊர்ல எங்களுக்குப் பேரு 'சிலோன்காரங்க'. தாயகம் திரும்பினோம்னு காகிதம் சொல்லுச்சு, தாயகத்துல எங்களைக் கூப்பிட்டது அப்படி. சிலோன்ல இருந்தப்போ 'இந்தியாக்காரங்க'.

மண்ணு ஒண்ணும் புதுசா இல்லைன்னு அப்பாயி சொல்லும். அதே குளிர், அதே அட்டை, அதே கொழுந்து. அங்க லயம், இங்க லைன். நுவரெலியாவுல ஏரி, குதிரைப் பந்தயம், வெள்ளைக்காரன் வெச்ச பூங்கா. ஊட்டிலயும் ஏரி, குதிரைப் பந்தயம், வெள்ளைக்காரன் வெச்ச பூங்கா. ஒரு மலைய மடிச்சுப் பெட்டில வெச்சு எடுத்துட்டு வந்த மாதிரி.

நான் ரொம்ப நாள் கவனிக்காத ஒண்ணு இருக்கு. நாலு தலைமுறையா இலங்கைல இருந்த குடும்பம், ஆனா இலங்கையைப் பார்த்ததில்ல. பிரட்டுக்களம், மலை, கொழுந்து நிறுக்கற இடம், லயம், மாரியம்மன் கோயில், வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து டவுன். சிகிரியா போனதில்ல, பொலனறுவை போனதில்ல, கொழும்பு போனதில்ல. யாரும் கையைக் கட்டி வைக்கல, நாள் கூலிக்காரனுக்கு எந்த நாள் மிச்சம்? அப்பாயி கடலை முதல்முதலா பார்த்தது தலைமன்னார்ல, கப்பல் ஏறப் போனப்போ. அந்த நாட்டோட கடலைப் பார்த்த அன்னைக்கே அந்த நாட்டை விட்டாச்சு. அங்க எடுத்த போட்டோன்னு வீட்ல இருந்தது ஒண்ணே ஒண்ணு, பாஸ்போர்ட்டுக்காக எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு எடுத்தது. பின்னால வெள்ளைத் துணி, அதனால அதுலயும் ஊர் இல்ல.

அஞ்சு வெள்ளைக்காரப் பையன்க ஒரே ஷூட்டிங் பயணத்துல எங்க ஆளுங்க நூறு வருஷத்துல பார்க்காத இலங்கையைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. அதனாலதான் எங்க அப்பா பார்த்தார், ரிப்பேர் கடைல நின்னு.

அன்னைக்கு ராத்திரி வீட்ல அப்பாயிகிட்ட அப்பா சொன்னார், டிவில சிகிரியா காட்டினாங்க, வெள்ளைக்காரங்க பாட்டு எடுத்திருக்காங்கன்னு. அப்பாயி வெத்தலைய ஒதுக்கிட்டுக் கேட்டுச்சு: "அவனுங்களை மட்டும் உடனே உள்ள விட்டுட்டானுங்களாமா?"

[சிரிப்பு]

இப்போ நான் சிரிக்கிறேன், அன்னைக்கு அப்பா சிரிக்கல. அந்த வீடியோ எடுத்த 1982-ல ஒப்பந்தத்துல சொன்ன பதினஞ்சு வருஷக் கெடு முடிஞ்சிருந்துச்சு. ஆனா அங்க காத்திருந்தவங்களோட கணக்கு முடியல. அடுத்த வருஷம் 1983 ஜூலை. கொழும்பு வீதியில தமிழங்களைத் தேடித் தேடி அடிச்சாங்க, கொளுத்தினாங்க. 'ஹங்ரி லைக் தி வுல்ஃப்'ல லெ பான் ஓடற ஊருதான் அது. அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு அந்த ஓட்டத்தை என்னால வெறும் ஸ்டைலா பார்க்க முடியல. வீடியோ மேல தப்பில்ல, என் கண்ணு மாறிடுச்சு. 1984-ல கப்பலும் நின்னுபோச்சு. அங்கயே தங்கினவங்கள்ல மிச்சம் இருந்த நாடற்றவங்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கற சட்டம் 2003-லதான் வந்துச்சு. அதுக்குள்ள டுரான் டுரான் உடைஞ்சு, பழைய அஞ்சு பேரும் மறுபடி ஒண்ணு சேர்ந்தே ஆச்சு.

பாட்டோட பேரு எங்களுக்குத் தெரியாது. பத்து வருஷம் வீட்ல அது 'சிகிரியா பாட்டு'தான். கோயம்புத்தூர்ல காலேஜ் முடிச்ச புதுசு, ஒரு பிரவுசிங் சென்டர்ல யூடியூப்ல சிகிரியா, பாட்டு, ஹெலிகாப்டர்னு தெரிஞ்ச இங்கிலீஷ்ல எல்லாம் அடிச்சுத் தேடித்தான் கண்டுபிடிச்சேன். அப்புறம் மத்த ரெண்டு வீடியோ, அப்புறம் பேண்டோட மொத்த எண்பதுகள், அங்க இருந்து இந்தப் பாட்காஸ்ட் வரைக்கும் வந்து நிக்கறேன். ரசிகன்னு தாராளமா சொல்லிக்குவேன். 'ரியோ' ஆல்பத்தை மலைல பஸ்ல போகும்போது ஹெட்ஃபோன்ல கேட்டுப் பாருங்க, பர்லியார்ல இருந்து குன்னூர் வர்ற நேரம் கரெக்டா இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். 'ஹங்ரி லைக் தி வுல்ஃப்'ல ஒரு கடைல மேசையைக் கவுத்துப் போடுவாங்க. கொழும்பு கோட்டைல இருக்கற பகோடா டீ ரூம் அது, 1884-ல தொடங்கினது. நான் பார்த்தவரைக்கும் இந்த வீடியோக்கள்ல தேயிலைத் தோட்டம் எங்கயும் வராது. டீக்கடை வருது, யானை வருது, புத்தர் வர்றார், அந்த டீக்குக் கொழுந்து பறிச்சவங்க வரல. எங்க அப்பாகிட்ட இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன்.

"அதை எதுக்குடா எடுக்கணும்? அதைத்தான் இங்க தினம் பார்க்கறோமே. நீ அந்தப் பாறையைப் போடு" அப்படின்னார்.

போட்டேன். இப்போ அவர் ரிட்டயர் ஆயிட்டார், கோயம்புத்தூர்ல எங்ககூடத்தான் இருக்கார். செல்போன்ல அவரே தேடிப் போட்டுக்குவார், பேரைச் சொல்லத் தெரியாது, படத்தைப் பார்த்து அமுக்குவார். பாட்டைக் கொஞ்சம் ஓட்டிப் பாறை வர்ற இடத்துல நிறுத்துவார். போன வாரம் நிறுத்தி வெச்சுட்டு, விரலால ஸ்கிரீனுக்கு வெளிய, மேசை மேல ஒரு இடத்தைக் காட்டினார்.

"இப்படியே கீழ வந்தா மாத்தளை. அதுக்கும் கீழ கண்டி. அப்புறம் நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை. நம்ம தோட்டம் இங்க வரும்."

டீ டம்ளர் இருந்துச்சு அந்த இடத்துல. நகர்த்தி வெச்சேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம். 'சேவ் எ பிரேயர்' இதுவரைக்கும் பார்க்காதவங்க பெரிய ஸ்கிரீன்ல பாருங்க, செல்போன்ல வேண்டாம்.